அது வேற டெஸ்ட்

"வாசலை அடைக்காதீங்க, பெட்டி வெளியே வரணும்" என்று நாற்காலி இறக்குகிற ஆளிடம் அவள் மூன்றாம் தடவையாகச் சொன்னாள். அந்த ஆள் மூன்றாம் தடவையாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் நாலு நாற்காலியை வாசலிலேயே போட்டான். ஒன்றைத் தூக்கி ஓரமாக வைக்கக் குனிந்தபோதுதான் பின்னாலிருந்து அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"இத்தனை வருஷமா குடிச்சிருக்காரு. ஒருநாள் ஒரு வாடை வந்ததுண்டா? மனுஷன் கெட்டிக்காரர்தான்."

மாடிவீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் வன்மம் இல்லை. கிட்டத்தட்ட பாராட்டு மாதிரிதான் இருந்தது.

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள். "யாரைச் சொல்றீங்க?"

"உங்கப்பாவைத்தாம்மா. பாவம், போனவரைப் பத்தி இனிமே என்ன பேச்சு."

"எங்கப்பா குடிச்சாரா?"

"ஈரல் கெட்டுத்தானே போனாரு? குடிக்காமயா ஈரல் கெடும்?" மாடிவீட்டுக்காரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானா சொல்லலம்மா. காலையில உங்கம்மாவே அழுதுக்கிட்டே சொன்னாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், வெளியே தெரியாம குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டாருன்னு."

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவர் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். விருந்து வீட்டில் யாராவது கிளாஸை நீட்டினால், "காலையில புள்ளைங்க ஏறணும்பா" என்று எழுந்து வந்துவிடுவார். இருமல் மருந்து தூக்கம் வரவழைக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து, பள்ளி நாட்களில் மருந்தைத் தொடாமல் இருமிக்கொண்டே ஓட்டியவர். கடைசியில் வயிறு நீர் கோத்து ஊதி, ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, குடிப்பீங்களா என்பதுதான். "இல்லைங்க, நான் டிரைவர்" என்றார். அதுக்கு மேல் என்ன பதில் வேண்டும்.

அந்த மனுஷன் செத்து அரை நாள் ஆவதற்குள் குடிகாரர் ஆகிவிட்டார். அதுவும் கட்டினவள் வாயால்.

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் வேலை. தலைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் கீழே நின்று அவளிடம் கேட்பார்கள். சொன்னால், "நிஜமாவா?" என்பார்கள். அப்புறம் பக்கத்தில் சீப்பு விற்கிறவனிடம் போய் அதையே கேட்டு, அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதை நம்பிப் போவார்கள். அண்ணன் அவளை 'விசாரணை' என்றுதான் கூப்பிடுவான். பொறுமை அவளுக்கு வேலைக்காக வைத்திருக்கிற சாமான். வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருக்காது.

அம்மா சமையலறையில் தண்ணீர் கொடுத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா. அப்பா எப்போ குடிச்சாரு?"

அம்மா திரும்பவில்லை. "கதவைச் சாத்து."

"எப்போ குடிச்சாருன்னு கேட்டேன்."

"குடிக்கல."

"அப்புறம்?"

"கதவைச் சாத்துன்னு சொன்னேனில்ல."

சாத்தினாள். அம்மா குழாயை மூடினாள். அழுது வீங்கின முகம்தான், ஆனால் குரல் சந்தையில் பேரம் பேசுகிற குரல்.

"வர்றவங்க எல்லாம் என்ன நோவு, என்ன நோவுன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"டாக்டர் சொன்னதைச் சொல்லு."

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. இந்தத் தெருவுல குடியிருக்கிறது அவரா, நானா?"

டாக்டர் சொன்னது இதுதான். ஈரலில் ஒரு கிருமி. ஹெபடைடிஸ் சி என்று பெயர். ரத்தத்தின் வழியாக வருவது. வந்தது தெரியாமல் பத்து, இருபது, முப்பது வருஷம் உள்ளேயே இருந்து ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிவிடும். தெரிய வருகிறபோது பலருக்கு நேரம் கடந்திருக்கும். அப்பாவுக்குக் கடந்துவிட்டது, கட்டியும் வந்துவிட்டது. இவருக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா, ஊசி போட்டீங்களா என்று டாக்டர் கேட்டபோது, அம்மா, அண்ணன், அவள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊசிக்காரர். வேறு யார்.

அவர் டாக்டர் இல்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துவிட்டு வந்து, ஒற்றை அறையில் கடை போட்டு உட்கார்ந்தவர். உடம்பு வலியா, களைப்பா, ஜுரமா, எல்லாவற்றுக்கும் ஒரே சத்து ஊசி. ஒருத்தருக்குக் குத்திவிட்டு, பக்கத்துப் பாத்திரத்து வெந்நீரில் ஒரு முக்கு, அடுத்தவருக்குக் குத்து. கைராசிக்காரர் என்று தெருவே வரிசையில் நின்றது. அப்பா மாசம் தவறாமல் போவார். சின்ன வயசில் அண்ணன் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் போதும், அவனையும் இழுத்துக்கொண்டு போவார். அம்மா முழங்காலுக்குப் போட்டுக்கொண்டாள். ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வெளியே வராத அவள் ஒருத்திதான் தப்பித்தாள். அதற்கு வாங்கின அடிக்கும் கணக்கில்லை. ஊசிக்காரர் போய்ச் சேர்ந்தே வெகுகாலம் ஆகிறது. இப்போது யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

"அதே ஊசி போட்டுக்கிட்டவங்க எல்லாரும் கட்டாயம் டெஸ்ட் பண்ணணும்" என்று டாக்டர் சொன்னார். "முன்னாடியே கண்டுபிடிச்சா மாத்திரையிலயே சரியாயிடும்." அம்மாவும் அண்ணனும் தலையாட்டினார்கள். இந்த நாற்காலிக்காரன் தலையாட்டின மாதிரியேதான்.

"சொல்லிட்டா என்ன ஆயிடும்?" என்றாள் அவள்.

"உங்க அண்ணனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன். தெரியுமில்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"குடிகாரன் மகனுக்குப் பொண்ணு குடுப்பாங்க. குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ரத்தத்துல நோய்னு வாயைத் திறந்தா, எய்ட்ஸான்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் எவன் குடுப்பான்?"

"எய்ட்ஸ் இல்லைம்மா. அது வேற கிருமி, இது வேற கிருமி."

"உனக்கு வேற. கேக்கறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அதுக்காக அப்பா பேரை இப்படி நாற அடிக்கணுமா? குடிக்காத மனுஷனை?"

"அவர் போயிட்டாரு. போனவருக்குப் பேரு என்ன, ஊரு என்ன. உயிரோட இருக்கிறவனை நான் பாக்கணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சும்மா பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே உள்ளங்கையால். "உயிரோட இருக்கிறவனைப் பாக்கத்தாம்மா நானும் சொல்றேன். அப்பா குடிச்சுத்தான் செத்தாருன்னா அண்ணன் எதுக்கு டெஸ்டுக்கு வருவான்?"

அம்மா கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வராட்டி என்ன. நல்லாத்தானே இருக்கான்."

நல்லாத்தான் இருந்தான். அவனும் அப்பாவின் வேனைத்தான் ஓட்டுகிறான்; காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் வேனிலேயே படுத்துத் தூங்குகிறான். முன்னெல்லாம் அப்படித் தூங்கினதில்லை. போன வருஷம் தைத்த பேன்ட்டுக்கு பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டிருக்கிறான். சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டுப் பசிக்கலை என்கிறான். அப்பாவும் முதலில் இப்படித்தான் பசிக்கலை என்றார். இதையெல்லாம் அவள்தான் பார்த்து வைத்திருந்தாள். பார்த்துப் பார்த்து அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

அவன் எங்கே என்று தேடினால், தெரு முனையில் வேனுக்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

"எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. அப்பாகிட்ட வந்து நில்லு."

"வர மாட்டேன்."

"ஏன்?"

அவன் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஃப்ரெண்டு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே நிறுத்தி, 'ஊதுடா'ன்னுவாரு. இந்த வயசுல. தெருவே பாக்கும். நானும் ஊதுவேன். பச்சைத் தண்ணி குடிச்ச வாயை ஊதிக் காட்டிட்டு உள்ளே போவேன். இவரு என்னடான்னா ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சிருக்காரு."

"அவர் குடிக்கலண்ணா. அம்மா பொய் சொல்றாங்க."

"அம்மா எதுக்குப் பொய் சொல்லணும்?"

"உனக்குப் பொண்ணு கிடைக்கணுமாம்."

அவன் மூக்கால் சிரித்தான்.

"டாக்டர் சொன்னப்போ நீயும் பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன். டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. குடிச்சா ஈரல் போகும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

அப்பா குடித்தார் என்பது இவனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் சௌகரியமாகவும் இருந்தது. அப்பா மேல் கோபப்பட்டுக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்திருந்தால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம். அது புரிந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, குடிச்சாருன்னே வெச்சுக்க. நீ அடுத்த வாரம் என்கூட டெஸ்டுக்கு வா. எனக்காக."

"எனக்கு எடுத்தாச்சு."

"எப்போ?"

"டிரைவருங்களுக்கு முகாம் போட்டாங்களே, அப்போ. நெகட்டிவ். ரத்தம் சுத்தம்."

"அது எய்ட்ஸ் கிருமிக்கு எடுக்கிறது. இது வேற டெஸ்ட்."

"ரத்தம் ஒண்ணுதானே?"

"ரத்தம் ஒண்ணுதான், தேடுற கிருமி வேற. எட்டாம் நம்பர் பஸ் இன்னைக்கு வராதுன்னு நான் சொன்னா, எந்த பஸ்ஸுமே வராதுன்னா அர்த்தம்?"

"சுத்தம்னு கையெழுத்துப் போட்டே குடுத்தாங்க, விசாரணை."

"எச்.ஐ.வி. இல்லைன்னுதான் போட்டிருப்பாங்க. சுத்தம்னு போட அவங்க என்ன தண்ணித் தொட்டியா கழுவினாங்க?"

அவன் கண்ணாடியைப் பார்த்தபடி, "அப்பாவும் டெஸ்ட் எடுத்துச் சுத்தமாத்தான் இருந்தாரு" என்றான். தான் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்கே உறைக்கவில்லை. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள்.

கடைசி வரிசை நாற்காலியில் மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவருக்கு எச்.ஐ.வி. வந்து வெகு வருஷங்கள் ஆகின்றன. தினமும் ஒரு மாத்திரை, தவறாமல். ஆள் இந்தத் தெருவில் இருக்கிற எவரையும்விடத் திடமாக இருந்தார். தெரிந்த நாளிலிருந்து அம்மா அவருக்கென்று தனி டம்ளர் வைத்தாள். அதைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்தாள். தொட்டால் வராது, ஒன்றாகச் சாப்பிட்டால் வராது என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா காதில் ஏறவில்லை. மாமா சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வரும்போது தண்ணீர் பாட்டிலைத் தானே கொண்டுவர ஆரம்பித்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் கொண்டுவந்திருந்தார்.

"வா பாப்பா, உட்காரு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? செத்தது உங்கப்பா, நீ இல்ல."

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். மாமா நடுவில் பேசாமல் கேட்டார்.

"அம்மாவைச் சொல்லி என்ன செய்ய" என்றார். "எங்க டாக்டர் என் ரத்தத்துல கிருமியைத் தேடித் தேடிப் பாக்கறாரு, மெஷின்ல சிக்கவே மாட்டேங்குது. அந்த அளவுக்கு மாத்திரை அடக்கி வெச்சிருக்கு. உங்கம்மா மட்டும் வாசல்லயே கண்டுபிடிச்சிடறா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார். "எனக்கு முதல் டெஸ்ட் எடுக்க உங்கப்பாதான் என்னைக் கூட்டிட்டுப் போனாரு. நான் பயந்துபோய் வாசல்லயே நின்னுட்டேன். 'நான் முதல்ல குடுக்கறேன், நீ பாத்துக்கிட்டு இரு'ன்னு கையை நீட்டிட்டாரு மனுஷன். எனக்குத் துணைக்கு. அவருக்கு நெகட்டிவ், எனக்குப் பாசிட்டிவ். திரும்பி வர்ற வழியெல்லாம் அவர்தான் அழுதாரு." மூடியை இறுக்கி மூடினார். "அதுக்கப்புறம் எங்கே ரத்தம் பாக்கறோம்னாலும், 'நமக்கு அப்பவே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க'ன்னுவாரு. நானும் சரிதானேன்னு விட்டுட்டேன். இன்னொரு கிருமி இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியுமா என்ன."

 அந்தப் பழைய நெகட்டிவை வைத்துக்கொண்டு அப்பா இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறார். யார் மேல் எரிந்து விழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எரிந்து விழ ஆள் இல்லாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மதியம் எடுப்பதாக ஏற்பாடு. அதற்குச் சற்று முன்னால் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். அவருடைய இரண்டு பெண்களும் அப்பாவின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கூடவே இன்னும் இரண்டு பிள்ளைகளின் அப்பாக்கள். உள்ளே போய்ப் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணனை யாரோ வேனிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள்.

"தம்பி, இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். நல்ல மனுஷர், கேட்கவே கூசினார். "உங்கப்பாவை நம்பித்தான் புள்ளைங்களை அனுப்பினோம். இங்க வந்து உட்கார்ந்தா வேற மாதிரி பேசறாங்க. குடிச்சிட்டுத்தான் ஓட்டினாராமே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நாங்க திங்கக்கிழமையிலேர்ந்து வேற வேன் பாத்துக்கலாம்னு இருக்கோம். தப்பா நினைக்காதீங்க."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரு சொன்னா அவர் குடிச்சாருன்னு?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா படியில் நின்றிருந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நிஜமாகவே அடிபட்டவள் மாதிரி. மாடிவீட்டுக்காரியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"என்னக்கா இது, நீங்கதானே காலையில..."

"நான் சொன்னது பொய்." சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தாள். "அவர் ஒரு சொட்டு குடிச்சதில்ல. இருமல் மருந்துகூடக் குடிக்காம ஓட்டின மனுஷன். ஈரல்ல கிருமி வந்து செத்துப் போனாரு. ஊசிக்காரர்கிட்ட ஊசி போட்டதுல வந்த கிருமி."

உண்மைக்குப் பயந்தோ, அப்பாவின் பெயருக்காகவோ அம்மா இதைச் சொல்லவில்லை. வேன் போனால் வயிறு என்னாவது என்பதுதான் படியிலிருந்து இறக்கியது. இது தெரிந்தும் அவளுக்கு அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"என்ன கிருமிங்க?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அம்மா தடுமாறினாள். "ரத்தத்துல வர்றது."

"எய்ட்ஸா?" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா சொன்னபடியே, ஒரு எழுத்து பிசகாமல்.

 அம்மாவின் கண்கள் நாற்காலிகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போயின. மாமா எழுந்து நின்றார்.

"இல்லைங்க. எய்ட்ஸ் கிருமி எனக்குத்தான் இருக்கு." லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடறேன், நல்லா இருக்கேன். என் மச்சானுக்கு வந்தது வேற, அது ஈரலுக்கு வர்றது. பக்கத்துல உட்கார்ந்தா ரெண்டுமே வராது. தொட்டா வராது. இவன் ஓட்டற வேன்ல உங்க புள்ளைங்க ஏறினாலும் வராது. ரத்தத்தோட ரத்தம் கலக்கணும், ஒரே ஊசி, ஒரே பிளேடு, அந்த மாதிரி. எனக்கு இருக்கிறது வேற வழியிலயும் வரும், அது புள்ளைங்க சமாசாரம் இல்ல."

 ஒருவர் தொண்டையைச் செருமினார். அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி" என்றாள் கண்ணாடிக்கடைக்காரரிடம். மறுபடியும், "கூடப் பிறந்தவன்" என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ தம்பியும் அந்த ஊசி..."

"போட்டான். நானும் போட்டேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கறோம். முடிவைக் கொண்டுவந்து உங்ககிட்டயே காட்டறேன், அப்புறம் அவன் வேனை எடுக்கட்டும்."

"அதெல்லாம் யார்கிட்டயும் காட்ட வேண்டியதில்லம்மா" என்றாள் அவள். "இருந்தாலும் வேன் ஓட்டலாம். அதான் மாமா சொன்னாரே."

"நீ சும்மா இரு."

சும்மா இருந்தாள். இன்றைக்கு இது போதும்.

அண்ணன் உள்ளே போனான். அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். பெட்டியின் மேல் குனிந்து அப்பாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்தான். மறுபடி மங்கியது. பெட்டியைத் தூக்க ஆட்கள் வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தான்.

வாசலில் நாற்காலிகள் இன்னும் வழியை அடைத்துக்கொண்டுதான் கிடந்தன. அவளே இழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் சொன்னபடி போனார்கள். சும்மா போகவில்லை. அன்று காலை அண்ணனுக்குத் தலைவலி வந்தது, அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, வேனுக்கு டயர் பார்க்க வேண்டியிருந்தது. அவள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, கிளம்பினாலொழிய எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மாமா முன்னாலேயே போய் ஆஸ்பத்திரியில் நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாத நடைபாதை கிடையாது. எந்த அறை, எந்த வரிசை என்று காட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

இரண்டு பேருக்கும் ஈரல் கிருமிக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பிறகு ஆலோசகர் பெண் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் உள்ளே போனவன், "வீட்டு ஆளுங்களும் கேக்கட்டும்" என்று கதவைத் திறந்து அவர்களையும் கூப்பிட்டான். குரல் அவன் குரலாக இல்லை.

"எச்.ஐ.வி. இல்லை" என்றாள் ஆலோசகர். "ஹெபடைடிஸ் சி மட்டும் காட்டுது. ஆனா இது முதல் டெஸ்ட். கிருமி எப்பவோ உள்ளே வந்திருக்குன்னுதான் இது சொல்லும். இப்பவும் இருக்கான்னு பாக்க இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். சில பேருக்குத் தானாவே போயிருக்கும். இருந்தா மாத்திரை ஆரம்பிப்போம். ஈரல் எப்படி இருக்குன்னு ஒரு ஸ்கேனும் பாத்துக்கலாம்."

"இருக்கும்" என்றான் அண்ணன். "எனக்குத் தெரியும். இருக்கும்."

"இருந்தாலும் சரியாயிடுங்க. அநேகமா எல்லாருக்குமே சரியாயிடுது."

அண்ணன் இன்னொரு டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க எதிர் அறைக்குப் போனான். அம்மா நகரவில்லை.

"எவ்வளவு நாள் மாத்திரை?"

"பெரும்பாலும் மூணு மாசம்மா."

"ஊசி?"

"கிடையாது. மாத்திரை மட்டும்தான்."

"ஆபரேஷன்?"

"அதெல்லாம் வேண்டியதில்லம்மா."

"இவ்வளவுதானா?"

"சீக்கிரமே கண்டுபிடிச்சா இவ்வளவுதான்."

அம்மா கைப்பையைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள். "அப்போ அந்த மனுஷன்" என்று ஆரம்பித்தாள். வாக்கியம் அங்கேயே நின்றது. விசாரணைக் கவுண்ட்டரில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற அவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.  தானும் அழுதால் அம்மா இன்னும் உடைந்துவிடுவாள் என்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைபாதையின் கோடியிலிருந்து மாடிவீட்டுக்காரி கையில் ஒரு சீட்டோடு வந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நடை வேகமாயிற்று.

"என்னக்கா, இங்க உட்கார்ந்திருக்கீங்க? சுகர் பாக்கவா?"

கேள்விக்குள்ளேயே பதிலையும் மடித்து வைத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அம்மா தலையாட்டப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டட்டும், இன்றைக்கு அதற்கும் சண்டை போட அவளிடம் தெம்பில்லை.

"இல்ல" என்றாள் அம்மா. "ஈரல் கிருமிக்கு. எனக்கு இல்லையாம். மகனுக்கு இருக்கும்போல. மாத்திரை குடுப்பாங்களாம்."

மாடிவீட்டுக்காரி கையிலிருந்த சீட்டை மடித்தாள்.

"ஊசிக்காரர்கிட்ட நீயும்தானே போட்டுக்கிட்டே" என்றாள் அம்மா. "உன் வீட்டுக்காரரும்."

"அது எந்தக் காலத்துலக்கா. இப்போ நல்லாத்தானே இருக்கோம்."

 அம்மா பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மாடிவீட்டுக்காரி அந்த இடத்தைப் பார்த்தாள், ரத்தம் எடுக்கிற அறைக் கதவைப் பார்த்தாள், இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.